முதல் இலை

கழுத்தில் கை வைத்தேன். தாலி இருந்தது. பில்லை இல்லை.

ஐப்பசி மாதம், காயெடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். போடிமெட்டைத் தாண்டி எங்கள் ஏலத்தோட்டத்துச் சரிவில், ஒரு செடியின் தூரில் குத்தவைத்து, தரையோடு படர்ந்து கிடந்த சரத்திலிருந்து முற்றின காயாகப் பார்த்துக் கிள்ளிக்கொண்டிருந்தேன். கழுத்தில் அட்டை ஏறிவிட்டது போல ஊறியது. பிடுங்கி எறியலாம் என்று ரவிக்கைக்குள் விரலை விட்டபோதுதான் தெரிந்தது. தாலிக்கு இடது பக்கம் மூன்று வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்த வெள்ளிப் பில்லையைக் காணவில்லை. அதைக் கோத்திருந்த வளையம் மட்டும் தேய்ந்து, வாய் பிளந்து, கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது.

சருகைக் கிளறிப் பார்த்தேன். இடுப்பில் கட்டியிருந்த சாக்குக்குள் கை விட்டுத் துழாவினேன். வந்த வழியில் நாலு செடி தூரம் போய்ப் பார்த்தேன். அப்புறம் தேடுவதை நிறுத்திவிட்டேன். தொலைந்தது என் குற்றமில்லை என்று யாரிடமும் வாதாடலாம். நிறுத்தியது நான்தான். அதை இன்னொருத்தர் தலையில் கட்ட முடியாது.

அந்தப் பில்லையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஜக்கையனுக்கு இரண்டாந்தாரம். மூத்தவள் பேர் சந்திரவல்லி. கல்யாணமான நாலாம் வருடம் மலையில் காய்ச்சல் கண்டு செத்துப்போனாள். பிள்ளை கிடையாது. என் கணவருடைய வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. மூத்தாள் செத்து இளையாளாக வருகிறவள், தன் தாலியோடு மூத்தாளையும் சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளித் தகடு. அதில் கைகூப்பி நிற்கிற ஒரு பெண் உருவம் கீறியிருக்கும். கண்ணும் இருக்காது, வாயும் இருக்காது. அதைக் கழற்றினால் மூத்தாள் ஆங்காரம் கொண்டு குடும்பத்தை அழித்துவிடுவாளாம். எழுபத்தாறாம் வருடம் ராசிங்காபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் வைத்து அவர் எனக்கு மூன்று முடிச்சுப் போட்டபோது, நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குகிற இடைவெளியில் என் மாமியார் குனிந்து, "மூத்தவளக் கும்புட்டுக்க" என்றாள். யாரென்று தெரியாமலே கும்பிட்டேன். என் கல்யாணத்தில் நான் முதலில் கும்பிட்டது ஒரு தகட்டை.

நான் கறுப்பு. மூன்றாவது பெண். இரண்டு வரன் வந்து, காப்பி குடித்து, போய்விட்டது. இரண்டாந்தாரமாகக் கேட்டு வந்தபோது என் அம்மா ஒச்சம்மாள், சாமி வரம் கொடுத்தது மாதிரி தலையை ஆட்டினாள். "எட்டு ஏக்கர் ஏலக்காடு, போடியில மச்சுவீடு. ஒனக்கென்னடி கொற" என்றாள். குறை என்னவென்று போன மறுநாளே தெரிந்துவிட்டது.

போடி வீட்டில் தினமும் மதியம் சமையல் முடிந்ததும் முதல் இலை சந்திரவல்லிக்கு. உள் அறையில் விளக்குக்கு முன்னால் இலையைப் போட்டு, ஆவி பறக்கிற சோற்றை வைத்து, குழம்பு, காய், அப்பளம் எல்லாம் வைத்து, ஊதுபத்தி ஏற்றிக் கதவைச் சாத்திவிட வேண்டும். பத்தி எரிந்து தீரும்வரை அவள் சாப்பிடுகிறாள் என்று அர்த்தம். அதற்குள் மாமியாரும் மகனும் கூடத்தில் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். பிறகு அந்த இலையை நான் சாப்பிட வேண்டும். மற்றவர்கள் தொடக்கூடாது, வீணாக்கவும் கூடாது. குழம்பில் ஏடு கட்டியிருக்கும். அப்பளம் நமத்துப் போயிருக்கும். சோற்றின் மேல் பத்திச் சாம்பல் உதிர்ந்து கிடக்கும். அந்த வீட்டில் மூன்று வருடம் நான் சூடாக ஒரு வாய் தின்றதில்லை. உயிரோடிருக்கிற சக்களத்தியாக இருந்தால் சண்டையாவது போடலாம். செத்தவளோடு எப்படிச் சண்டை போடுவது? அவள் எச்சிலைத்தான் தின்ன முடியும்.

என் பேரும் அங்கே கிடையாது. மாமியாருக்கு நான் சின்னவள். அவருக்கு "இந்தா". அண்டை வீட்டாருக்கு இளையா. பால்காரன்கூட "சின்னம்மா, பாலு" என்பான். அய்யம்மாள் என்று ஒருத்தி ராசிங்காபுரத்தில் இருந்தாள் என்பது எனக்கே மறந்துவிடும் போலிருந்தது. நல்லது நடந்தால் சந்திரவல்லி கொடுத்தாள். கெட்டது நடந்தால் சின்னவள் கெடுத்தாள். ஏலக்காய்க்கு நல்ல விலை வந்தால், "மகராசி, அவ கண்ணு தொறந்துட்டா." மழை பெய்து சரம் அழுகினால், "நீ மனசுக்குள்ள அவள வஞ்சிருப்படி." இரண்டாம் வருடம் எனக்கு மூன்று மாதத்தில் கரு கலைந்தது. அரசமரத்தடி டாக்டரம்மா ரத்தம் குறைச்சல் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாமியார் அந்தச் சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டாள். "அவளுக்கு இல்லாதது ஒனக்கு எதுக்குன்னு எடுத்துக்கிட்டா. பில்லைக்கு ஒழுங்கா மஞ்ச வச்சியா?" என்று கேட்டாள். பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு நான் என் மாமியாரை வையவில்லை. சந்திரவல்லியைத்தான் வைதேன். முகம் தெரியாத ஒருத்தியை அவ்வளவு வெறுக்க முடியும் என்று அன்றுதான் கண்டுகொண்டேன்.

என் கணவரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்லவர் என்று ஊரில் சொல்வார்கள். அடிக்க மாட்டார், குடிக்க மாட்டார். எதைக் கேட்டாலும் "அம்மாட்டக் கேளு" என்பார். அப்படிப்பட்ட நல்லவரோடு குடும்பம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

காயெடுப்புக் காலத்தில் மட்டும் எனக்கு விடுதலை. ஆவணியிலிருந்து தை வரைக்கும் மலையில் ஆள் வேண்டும். மாமியாருக்குக் குளிர் ஆகாது. எனவே நானும் அவரும் ஜீப்பில் ஏறிப் போய்விடுவோம். அவர் ஸ்டோரில் காய் உலர்த்துவதைப் பார்ப்பார். நான் ஆட்களோடு சரிவில் இறங்கிவிடுவேன். காய் எடுப்பதில் என் கை வேகம். எது முற்றியது, எது பிஞ்சு என்று பார்க்காமலே விரலுக்குத் தெரியும். அதைச் சந்திரவல்லி எனக்குக் கொடுக்கவில்லை.

ஏலச்செடி இரண்டாள் உயரம் நிற்கும். தூரில் உட்கார்ந்தால் பத்தடிக்கு அப்பால் இருக்கிற ஆள் தெரியாது. பாம்பு உண்டு, காட்டுமாடு உண்டு, வழுக்கி விழுந்தால் ஓடை வரைக்கும் உருண்டு போகிற சரிவு. அதனால் ஒரு முறை வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் ஒருத்தி குரல் கொடுப்பாள். அடுத்தவள் பேரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அவள் "ஓவ்" என்று பதில் கொடுத்துவிட்டு, தனக்கு அடுத்தவளைக் கூப்பிடுவாள். அப்படியே சரிவு முழுக்கச் சுற்றி வரும். பதில் வராவிட்டால் இன்னொரு தரம் கூப்பிடுவார்கள். மூன்றாம் குரலுக்கும் பதில் இல்லையென்றால் எல்லோரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். சரிவில் முதலாளி வீட்டம்மா, கூலிக்காரி என்பதெல்லாம் கிடையாது. பேர்தான்.

எனக்கு அடுத்து எப்போதும் வேலுத்தாய் நிற்பாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், வாய்த்துடுக்குக்காரி. ஸ்டோர் வாசலில் என்னை "ஆத்தா" என்பவள், சரிவில் இறங்கிவிட்டால் "அய்யம்மோ...வ்" என்று காடு அதிரக் கூப்பிடுவாள். பில்லை தொலைந்த அன்றும் கூப்பிட்டாள். முதல் குரலுக்கு எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டாவதற்கு "ஓவ்" என்றேன். அது எனக்கே தெரியாத ஒரு சத்தமாக வந்தது. "என்னத்தா, அட்டை கிட்ட ஏறிருச்சா" என்று அவள் செடிக்குள்ளிருந்து கேட்டாள். "ஒண்ணுமில்ல, சோலியப் பாரு" என்றேன்.

பில்லைக்கு வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் குங்குமம் வைப்பது என் வேலை. அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டும், வேறு கண் படக்கூடாது. அந்த வழக்கம் எனக்கு உதவியது. கயிறு ரவிக்கைக்குள் போகிறது, உள்ளே என்ன தொங்குகிறது என்று யார் பார்த்தார்கள்? ஆனால் பயம் விடவில்லை. ஒரு மாதம் வரை ஒரு தும்மல் வந்தாலும் கை கழுத்துக்குப் போகும். ஜீப் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, வந்துவிட்டாள், இதோ தள்ளப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொள்வேன். யாரும் தள்ளவில்லை. அவருக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை. காய் நல்ல பச்சையாக உலர்ந்தது. மார்கழியில் எனக்கு நாள் தள்ளிப்போனது. இந்தத் தடவை டாக்டரம்மா கொடுத்த மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துத் தின்றேன். மூன்றாம் மாதம் தாண்டியது. நாலும் பிறந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பிள்ளை வருகிறது என்பது பாதிதான். மீதிப் பாதி, அவள் இல்லாமல் வருகிறது என்பது. இது நானே நின்று, நானே தின்று, நானே வளர்க்கிற பிள்ளை.

மாசி மாதம் ஒரு மதியம் நான் அந்த ஆறின இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மாமியார் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு என் வயிற்றைப் பார்த்தாள்.

"அவ மனசு குளுந்துருச்சுடி" என்றாள். "எம் மகனுக்கு ஒரு வாரிசக் குடுக்கணும்னு அவளே எறங்கி வந்துட்டா. பொம்பளப் புள்ளயாப் பொறக்கும் பாரு. சந்திரவல்லின்னே பேரு வைக்கணும். ஒன் வகுறு சும்மா வந்துபோற பாதைதேன். வாரது அவ."

கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. என் பேரை எடுத்துக்கொண்டார்கள், சரி. சோற்றை எடுத்துக்கொண்டார்கள், சரி. இப்போது வயிற்றையும் எழுதி வாங்குகிறார்கள். பில்லை தொலைந்து நாலு மாதமாகிறது என்று அப்போதே முகத்தில் அறைந்திருக்கலாம். ஆனால் சொன்ன மறுநாள் கரு கலைந்தால்? கலைய ஆயிரம் காரணம் இருக்கும், ஆனால் ஊர் ஒரே காரணம்தான் சொல்லும், சாகும்வரை சொல்லும். நானும் ஒருநாள் நம்பிவிடுவேன். அந்தப் பயத்தில் சோற்றை விழுங்கினேன்.

பங்குனியில் வேலுத்தாய் மலையிலிருந்து போடிச் சந்தைக்கு வந்தவள் என்னைப் பார்க்க வந்தாள். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தாள். பின்கட்டில் அவளுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, நெஞ்சில் கிடந்ததையெல்லாம் கொட்டினேன். பிறக்கப்போகிற பிள்ளைக்கும் அந்த மகராசி பேர்தானாம் என்று பல்லைக் கடித்தேன்.

வேலுத்தாய் தம்ளரைக் கீழே வைத்தாள். "யாரு, சந்திராவா? மகராசியா? அதச் சொல்றது யாரு, ஒங்க அத்தையா?"

"பின்ன யாரு?"

அவள் சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை. "உசுரோட இருந்தப்ப அந்தப் புள்ளய நடைப்பொணம்னுதேன் கூப்புடும் அந்தப் பொம்பள. 'ஏ நடைப்பொணம், இங்குட்டு வா. ஏ நடைப்பொணம், அங்குட்டுப் போ.' சந்திரான்னு ஒரு நா சொல்லி நாங் கேட்டதில்ல. அது ஒல்லிக்குச்சி. மலைக் குளுரு தாங்காது. அப்ப ஒங்க அத்தையும் மலையிலதேன் இருந்துச்சு. நாலு நாளு காய்ச்ச. நடிக்கிறான்னு சொல்லி நாலு நாளும் காயெடுக்க எறக்கிவிட்டாக."

"அவரு?"

"அண்ணே ஸ்டோருக்குள்ள இருந்தாரு." அவ்வளவுதான் சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டே மறுபடி பேசினாள். "அப்பவும் எனக்கு அடுத்தாப்புல அதுதேன். சந்திரோவ்னு கூப்புட்டேன். பதிலில்ல. ரெண்டாந்தரம் கூப்புட்டேன். மூணாங் குரலுக்கும் பதிலில்லத்தா. கூடையப் போட்டுட்டு ஓடுனோம். ஒரு தூருல சாஞ்சு கெடந்துச்சு, மடியில காயோட. அதுக்கப்பறந்தேன் ஜீப்புக்கு ஆளு விட்டாக."

அவள் போன பிறகு வெகுநேரம் பின்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று வருடம் நான் ஒருத்தியை வெறுத்தேன். தப்பான வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன். அவளும் அந்த வீட்டில் பேரில்லாமல்தான் இருந்திருக்கிறாள். செத்த பிறகுதான் அவளுக்குப் பேர் கிடைத்தது, செத்த பிறகுதான் முதல் இலை கிடைத்தது. இந்தக் கும்பிடு, இந்தப் பத்தி, இந்தப் பில்லை எல்லாம் பாசமா? பயம். செய்தவர்களுடைய பயம். அதைத் தொங்கவிட மட்டும் என் கழுத்து.

வைகாசியில் ஏழாம் மாத வளைகாப்பு. வளையல் போட்டு, சாப்பாடு முடிந்ததும் அம்மா என்னைப் பிரசவத்துக்கு ராசிங்காபுரம் கூட்டிப்போவதாக ஏற்பாடு. கூடம் நிறையப் பெண்கள். மலையிலிருந்து காயெடுக்கிற பெண்கள் நாலைந்து பேர், வேலுத்தாயோடு வந்து வாசல் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். என்னை மனையில் உட்காரவைத்து இடது கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கிவிட்டார்கள். வலது கைக்குப் போகுமுன் மாமியார் சந்தனக் கிண்ணத்தோடு முன்னால் வந்தாள்.

"மொதச் சந்தனம் மூத்தவளுக்கு" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "சின்னவளே, பில்லைய வெளிய எடு."

ஏழு மாதமாக ஒத்திகை பார்த்த பொய்கள் நாலைந்து இருந்தன. ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன், வளையம் மாற்ற வேண்டும், இப்படி. அவள் சந்தனத்தில் விரலைத் தோய்த்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் ஒன்றுகூட வேண்டியிருக்கவில்லை.

"இல்ல அத்தை" என்றேன்.

"என்ன இல்ல?"

"பில்லை இல்ல. ஐப்பசியிலயே சரிவுல விழுந்துருச்சு."

என் கையைப் பிடித்திருந்த பெண் மெல்ல விட்டாள். என் அம்மா தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். மாமியார் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. நான் பார்த்த முதல் நிஜமான முகம் அதுதான்.

"ஏழு மாசமா மொட்டக் கழுத்தோட எம் வீட்டுல சோறு தின்னியாடி" என்றாள்.

"ஆறுன சோறு அத்தை."

அப்போது வாசல் பக்கமிருந்து அவர் உள்ளே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. வேட்டி மடியிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்து, அதற்குள் விரலை விட்டு, எதையோ எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தார். டிங் என்று சின்னச் சத்தம். பில்லை. ஸ்டோர்ச் சூட்டில் வெந்து வெள்ளி கறுத்துப் போயிருந்தது.

"காயோட காயா ஸ்டோருக்கு வந்துருச்சு. ஒலந்த காயத் தேய்க்கிறப்பக் கெடச்சுச்சு" என்றார்.

"எப்ப?" என்று நான் கேட்டேன்.

"அப்பவேதேன். மறுநா."

ஏழு மாதம். ஒவ்வொரு தும்மலுக்கும், ஒவ்வொரு இடுப்பு வலிக்கும் நான் விழித்துக் கிடந்தபோது பக்கத்தில் படுத்துத் தூங்கியவருடைய மடியில் அது இருந்திருக்கிறது. "ஏன் சொல்லல?" என்றேன். கூட்டத்தில் புருசனை அப்படிக் கேட்கக்கூடாது. கேட்டேன்.

அவர் சந்தனக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு, "சொன்னா நீ மறுபடி கோத்துக்குவ" என்றார்.

ஒரு நிமிடம் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. "அப்ப இப்ப எதுக்கு எடுத்தீங்க?" என்று கேட்டேன். அவர் வெற்றிலைப் பையை மறுபடி மடியில் செருகிக்கொண்டார். அம்மா பயந்தால் எடுப்பார், பெண்டாட்டி பயந்தால் மடியில் வைத்துக்கொள்வார். ஒருத்தி காய்ச்சலில் கிடந்தபோதும் இப்படித்தான் ஸ்டோருக்குள் நின்றிருப்பார்.

மாமியாருக்கு உயிர் திரும்பியது. "கெடச்சிருச்சுல்ல. நூலக் கொண்டா. வெரசாக் கோத்துக் கட்டு" என்றாள். என் அம்மா பக்கத்தில் வந்து காதோடு, "கட்டிக்க ஆத்தா. புள்ளத்தாச்சி. ஒரு நூலுதானடி, என்ன கனக்கவா போகுது" என்றாள்.  அவளுக்கு அது நூல்தான். என்னைப் பெற்றவள், என் சோற்றை அவள் பார்த்ததில்லை.

பில்லையைக் கையில் எடுத்தேன். ஏலக்காய் வாசம் அடித்தது. கறுப்பு ஏறியதில் அந்தப் பெண் உருவம் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. கைகூப்பி நிற்கிறாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். குளிரில் கையை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறவள் மாதிரி இருந்தது.

"அவ உசுரோட இருந்தப்ப என்ன பேரு சொல்லிக் கூப்புடுவீங்க அத்தை?" என்றேன்.

 வாசல் பந்தலில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். மாமியாருடைய சந்தன விரல் அப்படியே நின்றது.

"சும்மா ஒரு தரம் சொல்லுங்க. எல்லாருங் கேக்கட்டும்."

அவள் விரலில் இருந்த சந்தனத்தை முந்தானையில் துடைத்தாள். அவள் கையைப் பிடித்து, விரித்து, பில்லையை உள்ளங்கையில் வைத்து மூடினேன். "பயப்படுறவங்க கட்டிக்கங்க" என்றேன். அவ்வளவு பேர் முன்னால் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.  மனையிலிருந்து எழுந்து நின்றேன். இடது கையில் வளையல் குலுங்கியது, வலது கை வெறுமையாக இருந்தது.

உள் அறையில் முதல் இலை போட்டிருந்தார்கள். அன்று விசேஷம் என்பதால் வடை, பாயசம் எல்லாம் இருந்தது. பத்தி அப்போதுதான் ஏற்றியிருந்தார்கள், ஒரு விரற்கடைகூட எரியவில்லை. நான் தினமும் உட்காருகிற அதே இலை. தினமும் தின்கிற அதே சோறு. அரை மணி நேரம் முன்னால், அவ்வளவுதான். உட்கார்ந்தேன். வயிறு இடித்ததால் காலை ஒருபக்கமாக நீட்டிக்கொண்டேன். இலையின் ஓரத்தில் ஒரு பிடி சோற்றை ஒதுக்கி வைத்தேன். மூத்தாளுக்கு இல்லை. சந்திராவுக்கு. பிறகு குழம்புக்குள் கையை வைத்தேன். சுட்டது.

"சின்னவளே, எந்திரி. அது அவ எலை" என்று பின்னாலிருந்து மாமியார் சொன்னாள். நான் திரும்பவில்லை.

"சின்னவளே, ஒன்னியத்தேன். இந்தச் சோத்துல கை வச்சிட்டு ராசிங்காபுரம் போனா போனதுதேன். திரும்பி இந்தப் படிய மிதிக்க விடமாட்டேன். அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீதேன் கொன்னவ. ஊரு சொல்லும்."

ஊர் சொல்லும். அதில் சந்தேகமில்லை. எனக்குப் பயமில்லை என்று சொன்னால் அது பொய். பிரசவம் இன்னும் பாக்கி இருந்தது. அம்மா வீட்டில் எத்தனை நாள் வைத்துக்கொள்வார்கள் என்பதும் தெரியாது. வாசற்படியில் நின்ற என் அம்மா விசும்புகிற சத்தம் கேட்டது. அவர் எங்கே நின்றாரோ, தெரியவில்லை. முதல் கவளத்தை வாயில் போட்டேன். நாக்கு வெந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. வாயை மூடிக்கொண்டு மென்றேன்.

வாசல் பந்தலிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்த வீட்டுக்குள் கேட்கக்கூடாத குரல். கூலிக்காரி முதலாளி வீட்டுப் பெண்ணை ஊர்முன்னால் அப்படிக் கூப்பிடக்கூடாது.

"அய்யம்மோ...வ்."

கூடத்தில் யாரோ "ஏய், யாரது" என்று அதட்டினார்கள். என் வாய் நிறையச் சோறு. விழுங்க முடியவில்லை.

"அய்யம்மோ...வ்" என்று வேலுத்தாய் மறுபடி கூப்பிட்டாள். சரிவில் கூப்பிடுகிற அதே இழுப்பு. அவள் குரலில் லேசாக ஒரு பதற்றம் இருந்தது. சந்திராவையும் இப்படி இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தவள் அவள். பந்தலில் பெண்கள் எழுந்து நிற்கிற சத்தம், சீலை உதறுகிற சத்தம் கேட்டது.

மூன்றாம் குரல் வருமுன் சோற்றை விழுங்கினேன். தொண்டையெல்லாம் சுட்டுக்கொண்டு இறங்கியது.

"ஓ...வ்" என்றேன். "இங்கதேன் இருக்கேன்."